மேற்படிப் படிவம்

ஏப்ரல் 7, திங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் பேரூராட்சி ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டு வைத்திருக்கிறது. முன்னால் ‘நான்’, அடுத்து ஒரு சிவப்பு இதயம், அப்புறம் ‘கருப்பாநேரி’. பொழுது சாய்ந்தால் இதயம் எரியும். கடன் வாங்கிச் செய்தது என்று கவுன்சிலரே பெருமையாகச் சொன்னார். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊருக்கு எரிகிற இதயம் எதற்கு என்று கேட்டேன். “எல்லா ஊர்லயும் இருக்குல்லாக்கா” என்றார். நேற்றுக் காற்றில் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. இப்போது எனக்குக் ‘கருப்பாநே’வைப் பிடிக்கும் என்று நிற்கிறது. விழுந்த எழுத்தை நிமிர்த்தத் தனி டெண்டராம்.

நான் பி.ஏ. பொருளாதாரம். ‘பொதுச் செலவும் பொதுக் கடனும்’ தாளில் எழுபத்தெட்டு. அந்த எழுபத்தெட்டை வைத்துக்கொண்டு இருபத்து மூன்று வருடமாக ஊரில் எல்லோரோடும் சண்டை போடுகிறேன். அரசாங்கம் சும்மா இருந்தாலே மக்கள் பாதி பிழைத்துக்கொள்வார்கள் என்பது என் கட்சி. கட்சியில் இதுவரை நான் மட்டும்தான்.

கடையில் இன்று கூட்டமில்லை. பேரூராட்சி அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம்தான் தட்டச்சும் ஜெராக்ஸும். கொண்டுபோகிற வழியில் பாதித் தாளைத் தொலைத்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பின் அடிக்க ஒரு தாள் தயாரித்தேன். பெயர், முகவரி, எதற்கு மனு, எத்தனை இணைப்பு, கடைசியில் கையெழுத்து, இப்படிப் பத்து வரிசை. ஒன்பதாவதில் மட்டும் ஒரு கோளாறு. ‘மேற்படி இடம் மேற்படி நபருக்குச் சொந்தமானதுதானா?’ என்று ஒரு பழைய பத்திரத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். கரண்ட் போய் வந்ததில் நடுவில் ஏதோ அழிந்து, ‘மேற்படி நபர் மேற்படி நபர்தானா?’ என்று ஆகிவிட்டது. எடுத்துவிட்டால் பக்கத்தின் அடியில் மொட்டையாக இடம் விழுகிறது. கிடக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

கரண்ட் இல்லை. பருப்புத் துவையல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேரூராட்சி எழுத்தர் தளவாய் கடைக்கு வந்தார். முப்பது வயது; தாள்களின் ஓரம் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவருக்குத் தலை வலிக்கும்.

“அக்கா, மனுவுக்கு மேல ஒரு தாளு வச்சு அனுப்புதியள்லா, அது பாக்கவே குளுகுளுன்னு இருக்குக்கா. நம்பர் போட, பதிவு பண்ண, எல்லாத்துக்கும் சௌரியம்.”

“சும்மா தொலஞ்சிரக் கூடாதுன்னு வச்சேன் சார்.”

“நிறுத்திராதீங்க. அந்த மேல் படிவம் இல்லாம வாரத எனக்கு இப்ப தொடவே பிடிக்கல.”

பாராட்டினால் யாருக்குத்தான் கசக்கும். அவருடைய ஆதார் நகலுக்குக் காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழாய் இணைப்புக்கு மனு கொடுக்கப்போன ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேர்த்து விறுவிறுத்து என் கடைக்கு வந்தார்.

“ஏதோ மேற்படிப் படிவமாம்மா. அது இல்லாட்டா வாங்க மாட்டாகளாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு குழாய்க்கு எத்தனை படிவம்! மனுஷன் தண்ணீர் கேட்டால் தாளைக் கேட்கிறார்கள்! ஒவ்வொரு புதுப் படிவமும் ஓர் ஏழையின் அரை நாள் கூலி என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினேன். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “மாதிரிக்கு ஒண்ணு குடுத்தாகம்மா” என்று மடித்த தாளை நீட்டினார்.

என்னுடைய தாள். அடியில் ஒன்பதாவது வரிசை அப்படியே இருக்கிறது. ‘மேல் படிவம்’ என்று தளவாய் சொன்னது நாலு வாய் மாறி ‘மேற்படிப் படிவம்’ ஆகியிருக்கிறது.

ஒன்று எடுத்துக் கொடுத்தேன். ஐந்து ரூபாய். இதுவரை இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தேன். காகிதம் விலை ஏறியிருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

மாடத்தி மதினி வந்திருந்தாள். என் அண்ணன் மனைவி. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். அங்கிருந்து பணம் எப்போதாவது வரும், அறிவுரை தினமும் வாட்ஸப்பில் வரும். மதினி என் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். குற்றாலம் சீசனுக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சாரல் விழுவதற்குள் ரொட்டி சால்னாக் கடை போட்டுவிட வேண்டும் என்று நிற்கிறாள்.

“ஜூன் பத்துக்குள்ள தொறக்கணும்ட்டி. இல்லன்னா ஏத்தங்கா சிப்ஸ்காரனுக்கு விட்டுருவேன்னு கடக்காரரு சொல்லிட்டாரு. நானும் மூணு மாசம் பாக்கேன். முடியலன்னா திருப்பூருக்குத் தங்கச்சிகூடப் போயி பனியனுக்குக் கை வைக்க வேண்டியதுதான்.”

“நீ எதுக்குத் திருப்பூர் போற? நான் இருக்கேன்லா” என்றேன்.

இதுதான் சுதந்திரச் சந்தை. ஒரு பெண், ஒரு கல், ஒரு கரண்டி. அரசாங்கம் குறுக்கே வராமல் இருந்தால் போதும். மதினியிடம் இதைச் சொன்னேன். “கல்லு எங்க சல்லிசா கெடைக்கும், அதச் சொல்லு” என்றாள்.

மே 5, திங்கள்

ஒன்பதாவது வரிசைக்கு எல்லோரும் ‘ஆம்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆம் என்றால் ஆதாரம் எங்கே?’ என்று தளவாய் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஜனங்கள் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். நான் என்ன செய்ய? ஓர் உறுதிமொழி தயாரித்தேன்:

‘நான், நானேதான் என்றும், வேறு எவரும் நான் அல்லர் என்றும், இதற்கு முன்பும் நானாகவே இருந்து வந்தேன் என்றும், இனியும் அவ்வாறே தொடர்வேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’

ஐம்பது ரூபாய். காலையிலிருந்து பத்தொன்பது பேர். கையெழுத்துப் போடும்போது ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தது மனதுக்கு என்னவோ போல் இருந்தது.

இவர் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். விடுமுறையாதலால் நாள் முழுக்க என் கடை வாசலில் உட்கார்ந்து தினசரியை விசிறியாக்கிக்கொண்டிருக்கிறார்.

“ஏட்டி, கவர்ன்மெண்டு மக்கள உறிஞ்சுதுன்னு சொல்லுவியே. இப்ப உறிஞ்சுதது யாரு?”

தேவை இருக்கிறது, நான் அளிக்கிறேன் என்றேன். இவர் படித்தது ஒன்பதாம் வகுப்பு. விளக்கினால் புரியாது.

மே 8, வியாழன்

தவணையில் ஒரு லேமினேஷன் மெஷின் வாங்கினேன். உறுதிமொழியை லேமினேட் செய்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும் என்று ஜனங்களே கேட்கிறார்கள். இது கடன் அல்ல, முதலீடு. அரசாங்கம் வாங்கினால்தான் கடன்.

மே 13, செவ்வாய்

பேரூராட்சியில் மேற்படிப் படிவத்துக்குத் தனிப் பிரிவு. இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேஜை, ‘மேற்படிப் பிரிவு’ என்று பித்தளைப் பலகை, தற்காலிகமாக ஓர் உதவியாளர். உதவியாளர் பேரூராட்சித் தலைவருக்கு மச்சினர். அவருக்கு வேலையில்லாததால் பீரோவைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

இன்று மண்டபத்தில் பயிற்சி முகாம். நூற்று இருபது நகல் ஆர்டர் கொடுத்ததால் மரியாதைக்கு நானும் போனேன். கேசரி, மிக்சர், தண்ணீர் பாட்டில், எல்லோருக்கும் ஒரு ஃபைல், ஒரு பேனா. பேனா எழுதவில்லை. எங்கிருந்தோ வந்த ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

“முதல் எட்டு வரிசையும் சாதாரணம். ஒன்பதாவதுதான் இந்தப் படிவத்தின் உயிர்நாடி. ‘மேற்படி நபர் மேற்படி நபர்தானா?’ இதை வடிவமைத்தவர் எவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருக்க வேண்டும்! போலிகளை ஒரே வரியில் மடக்கியிருக்கிறார்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எத்தனை வீண்செலவு என்று வயிறு எரிந்தது. ஆனால், ‘ஆழமாக’ என்று அவர் சொன்னபோது முதுகு தானாக நிமிர்ந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கேசரியில் முந்திரி கிடந்தது. நம் வரிப்பணம்.

மே 19, திங்கள்

பெரிய சண்டை. நான் முகாமுக்குப் போயிருந்த அன்று மதினி கடைக்கு வந்து, இவரிடம் படிவம் வாங்கித் தானே நிரப்பித் தொழில் உரிமத்துக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லவேயில்லை. இன்று கடைக்குள் வந்ததும் வராததுமாக என் மேஜையை ஓங்கி அடித்தாள்.

“ஏட்டி வடிவு! என்னைப் பாத்தா மேற்படி ஆளு மாதிரியா இருக்கு?”

“என்ன மதினி?”

“ஒம்பதாவதுல என்ன கேட்டிருக்கான் எடுபட்ட பய? மேற்படி நபர்தானான்னு! புருசன் வெளிநாட்டுல இருந்தா என்னத்தையும் கேக்கலாமோ? மேற்படி சமாச்சாரம், மேற்படி வீடுன்னு ஊர்ல எதச் சொல்லுதாகன்னு எனக்குத் தெரியாதா? நல்லாக் காச்சி எழுதிட்டு வந்தேன்.”

“என்ன எழுதுன?”

“‘இல்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளவும்.’”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இவர் தினசரிக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். மேற்படி என்றால் மேலே சொல்லப்பட்ட என்று பொருள் என எடுத்துச் சொன்னேன். மதினி மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேலும் கீழும் விரலை வைத்தாள்.

“மேல மாடத்தின்னு எழுதிட்டு, கீழ மாடத்திதானான்னு கேப்பானாக்கும்? அப்படிக் கேக்கவன் கிறுக்கன்லா? எந்தச் சவம் இதை எழுதுச்சு?”

காகிதக் கட்டைப் பிரித்து அடுக்கும் வேலை இருந்தது. அதைப் பார்த்தேன்.

மே 21, புதன்

மதினியோடு அலுவலகம் போனேன். தளவாய் எழுந்து நின்று பேசினார். அவருக்கும் சங்கடம்தான்.

“அக்கா, நான் என்ன செய்ய? விண்ணப்பதாரரே எழுத்துமூலமா, தான் மேற்படி மாடத்தி இல்லன்னு சொல்லிட்டாக. இல்லாத ஆளுக்கு எப்படி உரிமம் குடுக்க?”

“எய்யா, நான் முன்னாலதான நிக்கேன்” என்றாள் மதினி.

“நிக்கியம்மா. நிக்கது யாருன்னுதான் கேள்வி.”

“மாடத்தி!”

“அது பேச்சுலக்கா. ரெக்கார்டுல இல்ல. அதோட, ‘ஊரில் விசாரித்துக்கொள்ளவும்’னு எழுதிருக்காக. அத நாங்க கோரிக்கையா எடுத்துக்கிட்டோம். விசாரணைக் குழு போட்டிருக்கு. மூணு பேரு. குழுவுக்கு ஜீப் கேட்டு எழுதிருக்கோம்.”

“எங்க வீடு அடுத்த தெருல்லா!”

“நடந்து போனா குழுவுக்கு மரியாத இல்லம்மா.”

ஜீப் எப்போது வரும் என்று கேட்டேன். நிதி ஒதுக்கியதும் வரும், எப்படியும் ஆடிக்குள் என்றார். ஆடிக்குள் என்றால் சீசன் பாதி முடிந்திருக்கும். திரும்பி வரும்போது, தான் அட்வான்ஸ் கொடுத்த கடையை மதினி ஏறிட்டும் பார்க்கவில்லை.

மே 23, வெள்ளி

இவர் சொல்கிறார்: “ஒம்பதாவத எடுத்துட்டு அடிச்சிர வேண்டியதுதான? உன் தாளு தானட்டி.”

அவ்வளவு எளிதல்ல. மவுஸ் சரியாக வேலை செய்யவில்லை. அதோடு இது இப்போது அரசு நடைமுறை. தனிமனிதர் கைவைப்பது முறையா என்று யோசிக்க வேண்டும்.

இன்று உறுதிமொழி இருபத்தாறு.

மே 26, திங்கள்

தலைவலி. கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். உறுதிமொழிக்கு வந்தவர்களுக்கு மட்டும் அடித்துக் கொடுத்தேன். முப்பத்தொன்று.

லேமினேஷன் மெஷினுக்கு முதல் தவணை கட்டினேன்.

மே 30, வெள்ளி

மனசாட்சி கேட்கவில்லை. செயல் அலுவலர் ஜெபசீலி மேடத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“மேடம், அந்தப் படிவம் என் கடையில நான் அடிச்சது. ஒன்பதாவது வரிசை கரண்ட் போனதுல வந்த தப்பு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“செண்பகவடிவு, நீங்க படிச்சவங்க. ஒரு அரசுப் படிவம் ஜெராக்ஸ் கடையில பொறக்குமா?”

“பொறந்திருச்சு மேடம்.”

“ரெண்டு பீரோ வாங்கிருக்கோம். ஒரு ஆளு போட்டிருக்கோம். முகாம் நடத்திருக்கோம். தணிக்கைக்கு வந்தவங்களே ‘முன்மாதிரி’ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. அரசாணை இல்லாமலா இதெல்லாம் நடக்கும்?”

“அரசாணை நம்பர் என்ன மேடம்?”

“தேடிக்கிட்டிருக்கோம். மாவட்டத்துக்கு எழுதிருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “அரசுப் படிவத்தை நான்தான் செஞ்சேன்னு சொல்றது சட்டப்படி தப்பு. தெரிஞ்சவங்கன்னு விடுறேன். போய்ட்டு வாங்க.”

போய்ட்டு வந்தேன். நான் என் கடமையைச் செய்துவிட்டேன். அரசாங்கம் உண்மையைக் கேட்க மறுத்தால் தனிமனிதரால் என்ன செய்ய முடியும்? வரும் வழியில் மனது லேசாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே லேசாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 4, புதன்

மதினி தூக்குச்சட்டியில் சால்னா கொண்டுவந்தாள். கடைக்கு ருசி பார்க்க வைத்ததாம், இனி என்ன செய்ய என்று எனக்குக் கொண்டுவந்துவிட்டாள். சிப்ஸ்காரர் கடையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை திருப்பூருக்கு பஸ்.

“பனியன் கம்பெனியில ஆதாரு கேக்காகளாம். ஒரு நகல் எடுத்துக் குடுட்டி.”

எடுத்துக் கொடுத்தேன். சூடான தாளை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாள். “மாடத்தின்னு பளிச்சுன்னு இருக்கு. அங்கன உள்ளவனுக்குத் தெரியுது. இங்கன உள்ளவனுக்குத்தான் நான் யாருன்னு சந்தேகம்.” ஒரு ரூபாயை மேஜையில் வைத்தாள்.

“வேண்டாம் மதினி.”

“யாவாரத்துல மொகம் பாக்காத. நீதான சொல்லுவ, சந்தைன்னா அப்படித்தாம்னு.”

போய்விட்டாள். சால்னா அற்புதம். பட்டை, சோம்பு, கசகசா, தேங்காய் எல்லாம் அளவாக. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அந்த ஒரு ரூபாய் இன்னும் மேஜையிலேயே இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஒன்பதாவது வரிசையை எடுத்துவிட்டேன். மவுஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அடியில் மொட்டையாக விழுந்த இடத்தில் ‘திருத்தியது’ என்று சின்னதாகப் போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காலை பத்தரைக்கு மதினியைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். தளவாய் படிவத்தை வாங்கினார். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினார். பேனாவால் ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு வந்தவர் எட்டு முடிந்ததும் பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார்.

“ஒம்பதக் காணும்.”

“கீழ பாருங்க சார்” என்றேன்.

“‘திருத்தியது’. ஓகோ, திருத்தம் வந்துட்டா?” முகம் வாடிவிட்டது. “பாருங்கக்கா, ஜெராக்ஸ் கடைக்கு வந்துருது. எங்களுக்குத் தபால்ல வர ஒரு மாசம் ஆவும். இதுதான் அரசாங்கம்.”

“விசாரணைக் குழு?”

“ஒம்பதே இல்லன்னா எதை விசாரிக்க? கலைச்சிருவோம். ஜீப்பு மட்டும் வரும், அது ஒதுக்கியாச்சு.”

மூன்றே முக்காலுக்கு உரிமம் கைக்கு வந்தது. வெளியே வந்ததும் மதினி அதை இரண்டு தடவை படித்தாள். “மேற்படி மாடத்தி என்பவருக்குன்னு போட்டிருக்கே” என்றாள். அவளை உள்ளே திரும்பவிடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

உறுதிமொழிக்கு இன்று ஒருவரும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

மதினி கடை திறந்துவிட்டாள். முதல் சாரலும் இன்றுதான். காரில் வருகிறவர்கள் வாசனைக்கே வண்டியை நிறுத்துகிறார்கள். கல் மேல் கொத்துக் கரண்டி அடிக்கிற சத்தத்தில் எனக்குத் தட்டச்சில் கை தாளம் போடுகிறது. இவர் மூன்று ரொட்டி தின்றுவிட்டு, சொந்தக்காரர் என்று கணக்கில் எழுதச் சொல்லியிருக்கிறார். மதினி கரண்டியைக் காட்டினாள். காசு கொடுத்துவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. எட்டாவது வரிசையை எடுத்தேன். ‘திருத்தியது – 2’.

ஜூன் 11, புதன்

ஏழு, ஆறு. யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘திருத்தியது’ என்று இருந்தால் தளவாய் கும்பிடாத குறை. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, நாடாளுமன்றத்தில் இருப்பவர்கள் ஒருநாள் முயன்று பார்க்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

படிவத்தில் இப்போது பெயரும் கையெழுத்தும் மட்டும்தான். மத்தியானம் மேடம், தளவாய், பீரோ துடைக்கிற உதவியாளர் மூவரும் மதினி கடைக்குச் சாப்பிட வந்தார்கள். தளவாய் சால்னாவில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொன்னார்:

“அக்கா, சேதி தெரியுமா? மேற்படிப் பிரிவுக்குத் தனிக் கட்டடம். மாடி வச்சு. நாப்பது லச்சம் கடனுக்குத் தீர்மானம் போட்டாச்சு.”

எனக்குப் புரையேறிவிட்டது. “ரெண்டு வரிசைக்கா?”

“இன்னைக்கு ரெண்டு. நாளைக்கு அம்பது ஆனா எங்க வைக்க?” என்றார் மேடம். மதினியைப் பார்த்து, “கொஞ்சம் குருமா விடுங்கம்மா” என்றார்.

“இது சால்னா” என்றாள் மதினி.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரேயடியாக முடித்துவிட்டேன். வெள்ளைத் தாளில் ஒரே வரி: ‘மேற்படிப் படிவம் இனித் தேவையில்லை. – திருத்தியது, இறுதி.’ தளவாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து நின்று படித்தார். கண் கலங்கியதோ என்று சந்தேகம். பிறகு பெருமூச்சு விட்டு, “மூணு நகல் குடுங்கக்கா, அறிவிப்புப் பலகைக்கு ஒண்ணு, ஃபைலுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு” என்றார்.

கட்டடம்? கடன் வந்துவிட்டதால் கட்டுவார்களாம். எதற்கு என்பதைக் கட்டி முடித்ததும் தீர்மானிப்பார்களாம்.

லேமினேஷன் மெஷினை மூடி வைத்துவிட்டேன். இன்னும் பதினோரு தவணை இருக்கிறது. முதலீடு என்று எழுதியதை அடித்துவிட்டுக் கடன் என்று திருத்த நினைத்தேன். அடித்துத் திருத்தினால் நாட்குறிப்பு அசிங்கமாகிவிடும்.

ஜூன் 18, புதன்

காலையில் ஒருவர் வந்தார். வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு மனு.

“மேற்படிப் படிவம் ஒண்ணு தாங்க.”

“அது இல்லண்ணாச்சி. எடுத்தாச்சு. மனுவ மட்டும் குடுங்க, போதும்.”

அவருக்கு மனது கேட்கவில்லை. மேலே ஒன்றும் இல்லாமல் கொடுக்க ஒருமாதிரி இருக்கிறதாம், வெறுங்கையோடு விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி. “தேவையில்லன்னு ஒரு தாளு இருக்காம்லா, அதையாவது மேல வச்சு அடிங்க” என்றார். பாவமாக இருந்தது. ஒரு நகல் எடுத்து வைத்துப் பின் அடித்துக் கொடுத்தேன். இரண்டு ரூபாய்தான் வாங்கினேன்.

பதினொன்றரைக்குத் தளவாய் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அக்கா, அந்த ‘தேவையில்லை’ தாளு நல்ல யோசனைக்கா! அது மேல இருந்தா, படிவம் தேவையில்லன்னு எங்களுக்கு உடனே தெரிஞ்சிருது. பாக்கவும் குளுகுளுன்னு இருக்கு. இல்லாம வந்த நாலு பேரத் திருப்பி அனுப்பிட்டேன், இங்கதான் வந்துக்கிட்டு இருக்காக. ஒரு நூறு அடிச்சு வைங்க.”

எட்டிப் பார்த்தேன். நாலு பேர் மழையில் துண்டைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தால் என்று மனது ஆரம்பித்தது. ஆரம்பித்ததை மறைக்கவில்லை. மெஷின் பொத்தானில் விரலும் வைத்துவிட்டேன்.

அப்போது மதினி ஒரு பெரிய மிக்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. குனிந்து ஜெராக்ஸ் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்த ஓட்டையில் மிக்சியின் பிளக்கைச் சொருகினாள்.

“என் கடைக்கு இன்னும் கரண்டு குடுக்கல. தேங்கா அரைக்கணும். ரெண்டு வண்டி ஆளு உக்காந்திருக்கு.”

மிக்சி இரைந்தது. அதற்கு மேல் தளவாய் கத்தினார். “அக்கா! நூறு! அவசரம்!”

மதினி அரைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கீழே கிடந்த என் பிளக்கைக் காலால் மேஜைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

“கரண்டு இல்ல சார்” என்றேன்.

தளவாய் இரைகிற மிக்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடம் அரசாங்கத்தைத் திட்டிய வாயால் நான் சொன்ன முதல் அரசாங்கப் பதில் இதுவாகத்தான் இருக்கும். ஆனால், அவருக்கு அது முழுசாகப் புரிந்தது. “அப்ப நாளைக்கு வாரேன்” என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வாசலில் நின்ற ஆறு பேரிடமும் மனுவை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். வாங்க மாட்டேன் என்றால், கரண்ட் வரும்வரை தாள் கிடையாதென்று சொல்லுங்கள் என்றேன். நாலு பேர் போனார்கள். இரண்டு பேர் மழை விடட்டும் என்று மதினி கடையில் உட்கார்ந்து ரொட்டிக்குச் சொன்னார்கள்.

சாயங்காலம் வரை மிக்சி ஓடியது. ஒரு நகல்கூட எடுக்கவில்லை. மிளகாய் நெடியில் விடாமல் தும்மினேன்.